ஆறு உறைந்தால்தான் அக்கரை: டீச்சர் பதில்கள்

என் தங்கை மகன் கனடாவின் வடகோடியில், இனுவிக் என்ற ஊரில் மருந்தாளுநராக இருக்கிறான். அவன் அனுப்பிய ஒரு படத்தைச் சென்ற இதழில் போட்டிருந்தோம். உறைந்த மெக்கென்சி ஆற்றின் மேல் ஒரு சரக்கு லாரி போகிறது, எதிரே ஒரு கார் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த கடிதங்கள் மேஜை கொள்ளவில்லை. சரி, இந்த இதழ் முழுக்க அந்த ஆற்றுக்கே என்று முடிவு செய்துவிட்டேன். மற்ற கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், எங்கள் ஊர் சிதம்பரம் பக்கம் திட்டுக்காட்டூர். மேட்டூரில் உபரிநீர் திறந்தால் கொள்ளிடம் எங்களைத் தீவாக்கிவிடும். படகு வந்தால்தான் அரிசி, மருந்து எல்லாம். அங்கே ஆற்றின் மேலேயே லாரி ஓடுகிறதே, அந்த ஐஸ் எப்படித் தாங்குகிறது? எவ்வளவு கனம் இருந்தால் எந்த வண்டி போகலாம்?
*விவசாயி, திட்டுக்காட்டூர்*

ஐயா, அக்கரைக்குப் போகப் படகுக்குக் காத்திருந்தவர் கேட்கிற கேள்வி இது. அதனால்தான் முதலில் வைத்தேன்.

ஐஸ் மட்டும் தனியாகத் தாங்குவதில்லை. அடியில் இருக்கிற தண்ணீரும் சேர்ந்துதான் தாங்குகிறது. உறையும்போது தண்ணீரின் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடிவிடும்; அதனால் ஐஸ் மிதக்கிறது. வண்டி ஏறியதும் அந்தத் தகடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீழே வளையும். வளைந்த இடத்தில் தண்ணீர் மேல்நோக்கி முட்டுக் கொடுக்கும். எடை சக்கரத்துக்கு அடியில் மட்டும் நிற்காமல் சுற்றிலும் பரவிவிடும். வளைவு அளவு மீறினால்தான் ஐஸின் அடிப்பக்கத்தில் விரிசல் பிறக்கும்.

கனத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த லார்ன் கோல்டு 1971-இல் வெளியிட்டது. எந்தெந்த ஐஸ் எந்தெந்த வண்டியைத் தாங்கியது, எது உடைந்தது என்று நடந்த சம்பவங்களைத் திரட்டி அதிலிருந்து எடுத்த கணக்கு. இன்றைக்கும் குளிர்நாட்டுச் சாலைப் பொறியாளர்கள் கையில் இருப்பது அதுதான். ஐஸின் கனத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வருவதை 4-ஆல் பெருக்குங்கள். தாங்கும் எடை கிலோவில் வந்துவிடும். 20 செ.மீ. கனத்துக்கு 1,600 கிலோ. 50 செ.மீ. என்றால் 10 டன். ஒரு மீட்டர் என்றால் 40 டன். கனம் இரண்டு மடங்கானால் தாங்கும் எடை நான்கு மடங்காகிறது, கவனித்தீர்களா? முழுச்சுமை ஏற்றிய 64 டன் லாரிக்கு ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வேண்டும். தனியாக ஒருவர் நடக்கவே 10 செ.மீ. இருக்க வேண்டும் என்பார்கள். கணக்குப்படி அது 400 கிலோ தாங்க வேண்டும். ஆனால் ஆற்று ஐஸ் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்காது, அதற்காக அவ்வளவு இடம் விட்டு வைக்கிறார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் தெளிந்த, விரிசல் இல்லாத ஐஸுக்குத்தான். மேலோடு நிற்கிற காய்ந்த விரிசல் பரவாயில்லை. விரிசலில் தண்ணீர் ஊறி வந்துவிட்டால், ஐஸ் அடிவரை பிளந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது தாங்கும் எடையைப் பாதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி இரண்டு விரிசல் ஒன்றையொன்று வெட்டினால் கால்பங்குதான். இன்னொன்று, நம் ஆட்களுக்குத் தோன்றாதது: ஓடுகிற வண்டியைத் தாங்கும் ஐஸ் நிறுத்திய வண்டியையும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. எடை ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றால் ஐஸ் மெள்ள மெள்ளத் தொய்ந்துகொண்டே போகும். ஆற்றின் நடுவே வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுப்பது அங்கே பெரிய தப்பு.

நான் கடலூர் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கேனை இறக்கி ஐஸ் பார் எடுக்கிறோம். ஆற்றில் அவ்வளவு கனம் தானாக வந்துவிடுமா, மனுஷன் ஏதாவது செய்கிறானா?
*ஐஸ் கம்பெனித் தொழிலாளி, கடலூர் முதுநகர்*

தம்பி, உங்களுக்குப் பாதி விஷயம் கைப்பழக்கத்திலேயே தெரியும். கேனிலிருந்து பாரை உருவியதும் பார்த்திருப்பீர்கள்: ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு தண்டு ஓடும். வெளியிலிருந்து உள்ளே உறைந்துகொண்டு வரும்போது தண்ணீரில் கரைந்திருந்த காற்றெல்லாம் நடுவே தள்ளப்பட்டுக் குமிழியாகச் சிக்கிக்கொள்கிறது. மீன்பெட்டிக்கு உடைக்கும்போது அந்த வெள்ளைப் பகுதிதான் சீக்கிரம் நொறுங்கும். ஆற்றிலும் இரண்டு வகை ஐஸ் உண்டு. தண்ணீர் நேராக உறைந்தால் நீலம் தட்டிய தெளிவான ஐஸ். மேலே கொட்டிய பனி தண்ணீரில் நனைந்து உறைந்தால் குமிழி நிறைந்த வெள்ளை ஐஸ். அளக்கும்போது வெள்ளை ஐஸின் கனத்தைப் பாதியாகத்தான் கணக்கில் சேர்ப்பார்கள்.

கடைசியில் அந்த நடுத்தண்டு உறையத்தான் நேரம் இழுக்கும், இல்லையா? உறைந்த பகுதியே குளிரை உள்ளே விடாமல் மறிக்கிறது. ஆற்றிலும் அதே கதை. முதல் 20 செ.மீ. விறுவிறுவென்று வந்துவிடும், அப்புறம் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் குளிர் பாடுபட வேண்டும். மேலே பனி கொட்டி மூடிவிட்டால் இன்னும் மோசம், பனி ஒரு கம்பளி. வெளியே மைனஸ் 30 டிகிரி இருந்தாலும் கம்பளிக்கு அடியில் ஐஸ் தடிக்காது.

அதனால் மனிதன் செய்கிற முதல் வேலை பனியை அகற்றுவது. ஐஸ் மெலிதாக இருக்கும்போது பனியில் ஓடும் சின்ன ஸ்னோமொபைலை விட்டு அழுத்துவார்கள், கனம் ஏற ஏறப் பெரிய வண்டிகளை இறக்கித் தள்ளுவார்கள். தள்ளிய பனியை ஓரத்திலேயே குவித்தாலும் ஆபத்து. அதன் பாரத்தில் ஐஸ் அமுங்கும், அதன் அடியில் தடிக்கவும் தடிக்காது. அகலமாகப் பரப்ப வேண்டும். அடுத்தது தண்ணீர் பாய்ச்சுவது. ஐஸில் துளை போட்டு, பம்பை வைத்து ஆற்றுத் தண்ணீரையே மேலே இறைத்து, மெல்லிய படலமாக விடுவார்கள். அது முழுக்க உறைந்த பிறகுதான் அடுத்த படலம். அவசரப்பட்டு மொத்தமாகப் பாய்ச்சினால் மேலே தோல் போல உறைந்து உள்ளே தண்ணீர் நின்றுவிடும்.

அளவு பார்க்காமல் எதையும் திறக்க மாட்டார்கள். துரப்பணத்தால் துளையிட்டு, கொக்கி வைத்த அளவுகோலை உள்ளே விட்டு, அடியில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். இப்போது வண்டிக்குப் பின்னால் ரேடார் கருவியை இழுத்துப் போய் வழி முழுக்கக் கனத்தைப் பதிகிறார்கள். என்றாலும் துளை போட்டுப் பார்ப்பதை யாரும் விடவில்லை.

மேலே எல்லாம் உறைந்துவிட்டால் மீன் செத்துப்போகாதா?
*ஏழாம் வகுப்பு மாணவன், வில்லியனூர்*

சாகாது கண்ணா. மேலே இருக்கிற ஐஸே கீழே உள்ள தண்ணீரைக் குளிரிலிருந்து காப்பாற்றுகிறது. ஆழமான ஏரியில் அடித்தண்ணீர் 4 டிகிரி அளவில் இருக்கும், ஏனென்றால் அந்த வெப்பநிலையில்தான் தண்ணீர் மிகவும் கனமானது. ஓடுகிற ஆற்றில் எல்லாம் கலந்து கிட்டத்தட்ட 0 டிகிரிக்கு வந்துவிடும், ஆனாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அங்கத்து மக்கள் துளை போட்டு அதன் வழியாக வலை விட்டே மீன் பிடிக்கிறார்கள்.

ஐஸ் சாலைகளில் லாரிகளை மெதுவாகப் போகச் சொல்வது வழுக்கும் என்பதாலா?
*இயற்பியல் மாணவி, லாஸ்பேட்டை*

வழுக்குவது இருக்கட்டும், பெரிய காரணம் அலை. வண்டி ஐஸை அமுக்கிக்கொண்டு போகும்போது அடியில் தண்ணீரிலும் ஓர் அலை கூடவே போகிறது. ஆழம் குறைந்த இடத்தில் அலையின் வேகத்தை நீயே கணக்குப் போடலாம்: புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடு. 5 மீட்டர் ஆழம் என்றால் நொடிக்கு 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர். வண்டியும் அதே வேகத்தில் போனால் அலை விலகிப் போக வழியில்லாமல் வண்டிக்கு அடியிலேயே வளர்ந்துகொண்டு வரும், ஐஸ் அளவுக்கு மேல் வளைந்து உடையும். கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைவதால் அந்த ஆபத்து வேகமும் குறைகிறது. கரையில் மோதித் திரும்பும் அலை வேறு. அதனால்தான் கரை நெருங்கும்போது இன்னும் மெதுவாக்கச் சொல்கிறார்கள்.

கனடாவில் வைரச் சுரங்கங்களுக்குப் போகும் திப்பிட் - கான்ட்வாய்டோ குளிர்காலச் சாலை பெரும்பகுதி ஏரிகளின் மேலேயே போகிறது. அங்கே சுமை லாரிக்கு மணிக்கு 25 கிலோமீட்டர்தான் உச்சம், லாரிக்கு லாரி இடைவெளியும் கட்டாயம். 1941-42 குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையில் கிடந்த சோவியத் நகரமான லெனின்கிராடுக்கு லடோகா ஏரியின் ஐஸ் மேல்தான் லாரிகளில் தானியம் போனது. அங்கே கனம் போதுமான ஐஸிலும் சில லாரிகள் மூழ்கின. காரணம் தேடிய சோவியத் இயற்பியலாளர்கள் ஐஸ் எப்படி அசைகிறது என்று கருவி வைத்து அளந்து, எந்த வேகத்தைத் தவிர்க்க வேண்டும் என்று ஓட்டுநர்களுக்குச் சொன்னார்கள். உன் பாடப்புத்தகத்தில் ஒத்ததிர்வு என்று வருமே, அதை இந்த உதாரணத்தோடு படித்துப் பார்.

என் மகன் இனுவிக்கில் ஹோட்டல் வேலைக்குப் போகிறான். குளிர்காலத்தில் அக்லாவிக் என்ற ஊருக்கு ஆற்றின் மேலேயே கார் ஓட்டிப் போக வேண்டியிருக்கும் என்று சாதாரணமாகச் சொல்கிறான். எனக்குச் சோறு இறங்கவில்லை டீச்சர்.
*ஒரு தாய், பாகூர்*

அம்மா, முதலில் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். தொலைக்காட்சியில் இதையெல்லாம் சாகசமாகக் காட்டிக் காட்டி நம்மைப் பயமுறுத்திவிட்டார்கள். அக்லாவிக்குக்கு வெயில் காலத்தில் சாலையே கிடையாது, படகும் விமானமும்தான். குளிர்காலத்தில் ஆற்றுக் கால்வாய்கள் உறைந்தால்தான் அந்த ஊருக்குச் சாலை வரும். கிழவிகள் கண் டாக்டரைப் பார்க்கப் போவதும் மாமன் மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போவதும் அந்த வழியில்தான். அவர்களுக்கு அது நம் பாகூர் - கடலூர் ரோடு.

ஆனால் மகனிடம் சிலவற்றை அழுத்திச் சொல்லுங்கள். அரசாங்கம் திறந்து, எத்தனை டன் என்று பலகை வைத்த பாதையில் மட்டும் போக வேண்டும். முந்தின வாரம் யாரோ போன தடம் என்று குறுக்கு வழியில் இறங்கவே கூடாது. ஆறு வளையும் இடம், கிளையாறு வந்து சேரும் இடம், பாலத்தூண் பக்கம், இங்கெல்லாம் நீரோட்டம் ஐஸை அடியிலிருந்து அரித்துவிடும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளூர்ப் பெரியவர்கள் வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அங்கே க்விச்சின் மக்களும் இனுவியலூயிட் மக்களும் தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அலாஸ்காவில் பெத்தல் ஊரைச் சேர்ந்த தேடுதல் மீட்புத் தொண்டர்கள் குஸ்கோக்விம் ஆற்றில் எங்கெங்கே ஐஸ் திறந்து கிடக்கிறது என்று தேடிப் பார்த்து, சுற்றிலும் கம்பு நட்டு, இரவில் மின்னும் பட்டை ஒட்டி வைக்கிறார்கள். அப்படி நட்ட கம்பைப் பார்த்தால் விலகிப் போக வேண்டும்.

உடைந்தே விட்டால்? கார் உடனே மூழ்காது, கொஞ்ச நேரம் மிதக்கும். அதற்குள் ஜன்னல் வழியாக வெளியே வர வேண்டும். கதவைத் திறக்கப் போராடக் கூடாது. எஸ்தோனியாவின் கடல் ஐஸ் சாலைகளில் சீட் பெல்ட் போடக் கூடாது என்றே விதி வைத்திருப்பது இதற்காகத்தான். தண்ணீரில் விழுந்தவருக்குக் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் ஒரு கணக்குச் சொல்கிறார்: 1, 10, 1. முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், பதறாமல் மூச்சை நிதானப்படுத்த வேண்டும். அடுத்த 10 நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும், அதற்குள் வெளியேற வேண்டும். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அதாவது விழுந்ததுமே உயிர் போய்விடும் என்பது உண்மையில்லை, அவகாசம் இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோமோ அந்தப் பக்கத்து ஐஸைப் பிடித்து, நீச்சல் போல் காலை உதைத்து, வயிற்றால் தவழ்ந்து மேலே வர வேண்டும். வந்ததும் எழுந்து நிற்கக் கூடாது, உருண்டே விலக வேண்டும். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கூர் ஆணிப் பிடி ஒரு ஜோடி அங்கே கடையில் கிடைக்கும். வழுக்குகிற ஐஸில் குத்தி இழுத்து ஏற அதுதான் கை கொடுக்கும். முதல் சம்பளத்துக்குக் காத்திராமல் வாங்கச் சொல்லுங்கள்.

ஆறு முழுசாக உறையவும் இல்லை, படகு போகவும் முடியாது என்ற நாட்கள் இருக்குமே. அப்போது பிரசவ வலி வந்தால் என்ன செய்வார்கள்?
*செவிலியர், மஞ்சக்குப்பம்*

வந்த கடிதங்களிலேயே சரியான இடத்தில் கை வைத்தது உங்களுடையதுதான். அந்த மக்களுக்குக் கடுங்குளிர் கஷ்டமில்லை, கடுங்குளிரில் வழி இருக்கிறது. கஷ்டம் எல்லாம் இலையுதிர் காலக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலும்தான்.

1979-இல் திறந்த டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலைதான் இனுவிக்குக்குப் போகும் ஒரே தரைவழி. அது பீல் ஆற்றையும் மெக்கென்சி ஆற்றையும் கடக்கிறது, இரண்டிலும் பாலம் இல்லை. கோடையில் வண்டிகளை ஏற்றிப் போகும் படகு, குளிரில் ஐஸ். ஐஸ் பாளங்கள் மிதந்து வரத் தொடங்கியதும் படகை நிறுத்தியாக வேண்டும். ஐஸ் தடிக்கும்வரை வண்டியும் இல்லை. வருடத்துக்கு இரண்டு தடவை, வாரக்கணக்கில் சாலை அறுந்து கிடக்கும். பாலும் காய்கறியும் விமானத்தில் வரும், விலை ஏறும். ரஷ்யாவில் யாகுட்ஸ்க் 3 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம், லேனா ஆற்றுக்கு அங்கே பாலம் இல்லாமலேயே காலம் தள்ளிவந்தார்கள். ரயில் எதிர்க்கரையோடு நின்றுவிடுகிறது. இடைப்பட்ட வாரங்களில் காற்று மெத்தையில் ஓடும் ஹோவர்கிராஃப்டில் ஆட்களை அக்கரை சேர்க்கிறார்கள்.

பிரசவத்துக்கு வருகிறேன். கனடாவின் வடக்குச் சிற்றூர்களில் பெரும்பாலும் வலி வரும்வரை காத்திருப்பதில்லை. நாள் நெருங்குவதற்குச் சில வாரம் முன்பே கர்ப்பிணியை விமானத்தில் பெரிய ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். உயிர் பிழைக்கிறது, உண்மைதான். ஆனால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து படுக்கிற நம் ஊர்ப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அங்கே அந்தப் பெண் தாயையும் மற்ற பிள்ளைகளையும் விட்டுவிட்டு, தெரியாத ஊரில் தனியாக நாள் எண்ணிக்கொண்டு கிடக்கிறாள். உள்ளூரிலேயே மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று அங்கத்துப் பெண்கள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

இந்தியாவில் இப்படி எங்காவது உண்டா?
*ஓய்வுபெற்ற தபால்காரர், நெல்லிக்குப்பம்*

உண்டு. லடாக்கில் சன்ஸ்கார் ஆறு ஜனவரி, பிப்ரவரியில் உறையும். மலைக்கணவாய்கள் பனியில் மூடிவிடுவதால் சன்ஸ்கார் மக்கள் லே நகருக்கு அந்த ஆற்றின் மேல்தான் பல நாள் நடந்து போனார்கள். அந்த ஐஸ் வழியைச் சாதர் என்பார்கள். வெளியூரில் படிக்கும் பிள்ளைகளை அப்பன்மார் அப்படித்தான் கூட்டிப்போனார்கள். இப்போது நிம்மு - பதும் - தார்ச்சா சாலையை 2024-இல் இணைத்துவிட்டார்கள். இனி அந்த நடை சுற்றுலாக்காரர்களுக்கு.

பூமி சூடாகிக்கொண்டிருக்கிறதே, அந்த ஐஸ் வழிகள் என்ன ஆகும்? பேசாமல் எல்லா இடத்திலும் பாலம் கட்டிவிட்டால் என்ன?
*பொறியியல் பட்டதாரி, முத்தியால்பேட்டை*

முதல் பாதிக்கு ஆறே பதில் எழுதி வைத்திருக்கிறது. அலாஸ்காவில் நெனானா என்ற ஊரில் 1917 முதல் ஒரு பந்தயம் நடக்கிறது. தனானா ஆற்று ஐஸில் மரத்தாலான ஒரு முக்காலியை நட்டு, கரையிலிருக்கும் கடிகாரத்தோடு கயிறு கட்டிவிடுவார்கள். வசந்தத்தில் ஐஸ் உடைந்து முக்காலி நகர்ந்ததும் கயிறு இழுபட்டுக் கடிகாரம் நிற்கும். அந்த நேரத்தைச் சரியாகச் சொன்னவருக்குப் பணம். பணம் சம்பந்தப்பட்டதால் நூறு வருடத்துக்கு மேல் நிமிடம் பிசகாமல் கணக்கு இருக்கிறது. சாதாரணமாக ஏப்ரல் கடைசியிலோ மே முதலிலோ உடையும். 2019-இல் ஏப்ரல் 14-ஆம் தேதியே உடைந்துவிட்டது, அதற்கு முன் அவ்வளவு சீக்கிரம் உடைந்ததில்லை. நடுவே 2013-இல் மே 20 வரை தாக்குப்பிடித்ததும் உண்டு, அது விதிவிலக்கு. மொத்தமாகப் பார்த்தால் தேதி முன்னே முன்னே வந்துகொண்டிருக்கிறது.

கனடாவில் யூகான் ஆற்றங்கரையில் டாசன் என்ற ஊர் இருக்கிறது. எதிர்க்கரையில் குடியிருப்பவர்கள் குளிர்காலம் முழுக்க ஐஸ் மேல்தான் ஊருக்குள் வருவார்கள். 2017-18 குளிர்காலத்தில் வழக்கமான இடத்தில் ஆற்றின் நடுப்பகுதி மூடவே இல்லை. அரசாங்கம் தண்ணீரைப் பீய்ச்சி உறையவைத்துப் பார்த்தது, நடக்கவில்லை. 1998-இல் மானிடோபாவில் குளிர்காலச் சாலைகள் சீக்கிரமே இளகிவிட்டதால் எரிபொருளையும் உணவையும் விமானத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதாயிற்று. அந்த மாநிலத்தில் மட்டும் இப்படி 2,200 கிலோமீட்டர் சாலையை ஒவ்வொரு குளிர்காலமும் புதிதாகப் போடுகிறார்கள். வீடு கட்டச் சிமென்டு, டீசல், பள்ளிக்கூட மேஜை, எல்லாம் அந்தச் சில வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

பாலத்துக்கு வருவோம். ஃபோர்ட் பிராவிடன்ஸ் அருகே மெக்கென்சி ஆற்றின் மேல் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளத்தில் தே சோ பாலத்தை 2012 நவம்பர் 30 அன்று திறந்தார்கள். அதிலிருந்து யெல்லோநைஃப் ஊருக்கு அந்த இடைப்பட்ட வாரங்களின் தவிப்பு இல்லை. இனுவிக்கிலிருந்து டக்டோயக்டக் கடற்கரைக்கு ஆற்றின் மேலும் கடலின் மேலுமாக 187 கிலோமீட்டர் ஐஸ் சாலை இருந்தது. அதை 2017 ஏப்ரலில் கடைசியாக மூடி, அதே ஆண்டு நவம்பர் 15-இல் எல்லாப் பருவத்துக்குமான சாலையைத் திறந்தார்கள். செலவு ஏறத்தாழ 30 கோடி கனடா டாலர். அடியில் நிலமே உறைந்து கிடப்பதால் எங்கேயும் வெட்டாமல், நிலம் இளகாதபடி துணி விரித்து அதன் மேல் சரளை கொட்டி, பெரும்பாலும் குளிர்காலத்திலேயே வேலை செய்தார்கள். எத்தனை கஷ்டமான வேலை என்று பொறியாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டக்டோயக்டக்குக்குச் சாலை வந்ததில் அந்தக் கடற்கரைப் பக்கத்து எண்ணெய், எரிவாயு ஆசைக்கும் பங்கு உண்டு. அக்லாவிக்கில் ஏறத்தாழ அறுநூறு பேர், அவ்வளவுதான். ஆளுக்கு எத்தனை டாலர் என்று வகுத்துப் பார்த்தால் எந்தக் கோப்பும் நகராது. வகுத்துப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. அந்த ஐஸை இளக வைத்ததில் அந்த அறுநூறு பேருடைய அடுப்புப் புகைக்கு என்ன பங்கு இருக்கப் போகிறது? சாலை கொடுக்க முடியாவிட்டால் இடைப்பட்ட வாரங்களுக்கு விமானச் செலவையாவது அரசாங்கம் ஏற்க வேண்டும், ஐஸை அளப்பதற்கு உள்ளூர் இளைஞர்களைச் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும். திட்டுக்காட்டூருக்கும் நான் இதையேதான் கேட்பேன்.